மூன்று பாட்டில், இரண்டு பக்கம்

1

சென்ற வாரம் ஆய்வகத்தில் எனக்காகக் கேக் வெட்டினார்கள். நான் நார்வேக் குடிமகளாகி ஒரு வருஷம் ஆகிறது என்று கூட வேலை செய்யும் இங்ரிட் நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தாள். இந்த ஊரில் அன்பையும் நாட்காட்டியில் குறித்துத்தான் வைப்பார்கள். கேக் மேல் சின்னதாக ஒரு கொடி குத்தியிருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டே இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

போன வருஷம், குடிமகளாவதற்குச் சில வாரம் முன்னால்தான், சங்ககிரிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு ஓர் அறிக்கை அனுப்பினேன். இரண்டு பக்க அறிக்கை. அதில் ஒரு பக்கம்தான் ஊரில் படிக்கப்பட்டது. வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுதும் குறிப்புகளில் பனி வரும், குளிர் வரும், மூட்டை கட்டிக்கொண்டு வந்த சாம்பார்ப் பொடி வரும், கடைசியில் ஊர் ஞாபகத்தில் கண் கலங்கும். எனக்கும் கலங்கத்தான் செய்கிறது. ஆனால் அதைப் பார்த்து என்மேல் இரக்கப்பட்டுவிடாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஊரில் கேட்டால் "பெட்ரோல் கம்பெனியில பெரிய வேலைங்க" என்பார்கள். எண்ணெய்க்குப் பூர்வீகம் கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

கச்சா எண்ணெய் என்பது கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் செத்துச் சேற்றில் புதைந்து பூமியின் சூட்டில் வெந்துபோன பாசியும் பாக்டீரியாவும்தான். அத்தனை வெந்த பிறகும் அவற்றின் உடம்பிலிருந்த சில மூலக்கூறுகள் எலும்புக்கூடு மாதிரி மிஞ்சி நிற்கும். பாக்டீரியாவின் மேல்தோலிலிருந்து வந்த ஹோப்பேன் என்று ஒரு வகை. பூக்கும் செடிகளிலிருந்து வந்த ஒலியனேன் என்று இன்னொன்று. எண்ணெயைக் கருவியில் ஏற்றினால் இவை ஒவ்வொன்றும் எவ்வளவு இருக்கின்றன என்று திரையில் கூர் கூராகக் கோடு விழும். ஓர் எண்ணெய்க்கு விழுகிற கோடு இன்னோர் எண்ணெய்க்கு அப்படியே விழாது. சுத்திகரித்து, மசகு எண்ணெயாக்கி, டப்பாவில் அடைத்து, மேலே சிங்கம் படம் ஒட்டி விற்றாலும் அந்த எலும்புக்கூடு உள்ளே கிடக்கும்.

கடலில் யாராவது எண்ணெயைக் கொட்டிவிட்டு ஓடினால் என்னிடம்தான் பாட்டில் வரும். கொட்டிய எண்ணெய் ஒரு பாட்டில், சந்தேகப்படும் கப்பல் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பாட்டில். ஒருமுறை கப்பல் தலைவர் ஒருவர் என் முன்னாலேயே நெஞ்சில் கை வைத்து "எங்கள் கப்பல் இல்லை" என்றார். கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மனுஷன் முகம் வெளுத்துப்போனது. அன்றைக்கு எனக்கு ஏக சந்தோஷம். பொய் சொல்கிறவர்களைப் பிடிப்பதில் எனக்கு அப்படி ஓர் ஆனந்தம் உண்டு.

3

அண்ணன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் லாரி இல்லாவிட்டால் ரிக், ரிக் இல்லாவிட்டால் தறி. அவருடைய வண்டி வடக்கே எங்கெங்கோ போய்ப் போர் போட்டுவிட்டு வரும். போன வருஷம் சித்திரையில், மறுபடியும் வடக்கே கிளம்புவதற்கு முன்னால், எங்கள் தோட்டத்திலேயே ஒரு போர் போட்டார். தொள்ளாயிரம் அடி. தண்ணீர் வந்தது. தண்ணீரோடு எண்ணெயும் வந்தது.

வானவில் நிறத்தில் மேலே படலம். வாளியில் பிடித்து வைத்தால் விரல் வழுக்கியது. அண்ணன் வளர்க்கும் மேச்சேரி ஆடுகள் தொட்டியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. ஊரில் மூன்று நாள் திருவிழா. எங்கள் தோட்டத்தில் பெட்ரோல் கிடைத்துவிட்டது என்று ஆட்டையாம்பட்டி வரைக்கும் செய்தி போனது. யாரோ துணியை நனைத்துக் கொளுத்திக்கூடப் பார்த்தார்கள். அண்ணன் எனக்குப் போன் போட்டார்.

"ஏஞ்சாமி, நம்ம காட்டுல பெட்ரோல் இருக்குமா?"

"அண்ணா, நம்ம பக்கம் அடியெல்லாம் கருங்கல்லுங்க. கல்லுல எண்ணெய் ஊறாதுங்க. எங்கியோ மேல இருந்துதான் எறங்கியிருக்கோணும்."

மேலிருந்து இறங்கியிருக்க வேண்டும் என்று நான் சொன்னதை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தோட்டத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் ஒன்பது சென்ட்டில் அர்த்தனாரியின் லாரிப் பட்டறை இருந்தது. அர்த்தனாரியின் அப்பா எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவர். எங்கள் அப்பா என்ன நினைத்தாரோ, கடைசிக் காலத்தில் அந்த ஒன்பது சென்ட்டை அவருக்குக் கிரயம் பண்ணிக் கொடுத்துவிட்டார். அதில் முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் ஓட்டு வீடு, ஓரத்தில் ஒரு கிணறு. ரிக் நிறுத்த ரோட்டோரம் இடமில்லை என்பது அண்ணனுக்குப் பல வருஷத்துக் கடுப்பு. பட்டறையில் பழைய என்ஜின் ஆயிலை ஊற்றி வைக்கும் குழி ஒன்று உண்டு. அண்ணனுக்கு அந்தக் குழி போதுமானதாக இருந்தது.

4

ஆவணியில் பத்து நாள் ஊருக்குப் போனேன். கிளம்பும் அன்றைக்கு அண்ணன், "நீ பாத்துச் சொல்லு கண்ணு. உம் பேப்பரைக் காட்டுனா ஊர்ல ஒருத்தனும் வாயைத் தொறக்க மாட்டான்" என்றார்.

வேலைப் பழக்கத்தில் மூன்று பாட்டில் கேட்டேன். போர்த் தண்ணீரில் மிதப்பது ஒன்று, அர்த்தனாரியின் குழியிலிருந்து ஒன்று, ரிக்கில் ஊற்றும் ஹேமர் ஆயில் ஒன்று. கல்லை உடைக்கிற ஹேமர் தேயாமல் இருக்கக் காற்றோடு சேர்த்து உள்ளே அனுப்புவார்களே, அந்த எண்ணெய்.

"நம்முளுது என்னத்துக்கு சாமி?"

"ஒப்பிட்டுப் பாக்கறதுக்குங்க."

"எடுத்துக்க, எடுத்துக்க. ரெண்டு லிட்டரு வேணும்னாலும் எடுத்துக்க."

தங்கச்சி அவர் பக்கம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தங்கச்சியின் கருவியும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். அண்ணி மூன்றையும் தேங்காய் எண்ணெய் பாட்டில்களைக் கழுவி ஊற்றி, "போரு", "பட்டறை", "நம்ம ரிக்" என்று சீட்டு எழுதி ஒட்டினாள். நான் எவர்சில்வர் தூக்கில் வைத்துத் துண்டு சுற்றிப் பெட்டியில் போட்டேன்.

விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்தார். இளம் பையன், நல்ல மரியாதை. இது என்ன என்று கேட்டார். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் என்று நார்வே மொழியில் சொன்னேன். பதினெட்டு வருஷமாக அந்த மொழி என் வாயில் கல்லும் முள்ளுமாகத்தான் வரும். அன்றைக்கு மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. அவர் என் பின்னலைப் பார்த்தார், தலையை ஆட்டினார், மூடிக் கொடுத்துவிட்டார்.

குடியுரிமை விண்ணப்பத்தில் பதினெட்டு வருஷத்தில் எத்தனை நாள் நாட்டுக்கு வெளியே இருந்தேன் என்று ஒவ்வொரு நாளாக எழுதச் சொல்லியிருந்தார்கள். எழுதினேன். என் பெயருக்கு முன்னால் நிற்பது அப்பாவின் பெயர், என் குடும்பப் பெயர் அல்ல என்று மூன்று கடிதம் எழுதினேன். இதுவரை ஏதாவது பொய்த் தகவல் தந்திருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டேன். அப்போது மூன்று பாட்டிலும் என் மேசைக்கு அடியில் இருந்தன.

5

ஆய்வகத்தின் கருவியைச் சொந்த வேலைக்குத் தொடக் கூடாது. ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் மூன்றையும் ஏற்றிவிட்டேன். இங்ரிட் ரொட்டித் துண்டோடு பாதியில் வந்து திரையைப் பார்த்தாள். இவ்வளவு கொழுப்பு அமிலம் எந்த எண்ணெய் வயலில் வரும் என்று அதிசயப்பட்டாள். அது அண்ணியின் தேங்காய் எண்ணெய். சரியாகக் கழுவவில்லை. புது வயல், இன்னும் பெயர் வைக்கவில்லை என்றேன். நம்பிவிட்டாள்.

தேங்காயை ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோது குழப்பத்துக்கு இடமே இல்லை. பட்டறைக் குழியில் இருந்தது பல லாரிகளின் பழைய எண்ணெய். ஓடி ஓடிக் கரிந்தது, டீசல் கலந்தது, புகையின் கசடெல்லாம் அதில் இருந்தது. போரில் மிதந்தது ஒரு நாள்கூட என்ஜினில் ஓடாத புது எண்ணெய். அதன் ஹோப்பேன் கோடுகளை ரிக் பாட்டிலின் கோடுகள்மேல் வைத்தேன். ஒன்றன்மேல் ஒன்று அப்படியே உட்கார்ந்தன. வண்டி வடக்கே கிளம்பும் அவசரத்தில் ஆட்கள் ஹேமர் ஆயிலை அளவில்லாமல் ஊற்றியிருக்கிறார்கள். போட்டு முடித்த பிறகு காற்றடித்துப் போரைக் கழுவி விட்டிருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை. அண்ணன் தன் போரைத் தானே கெடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

எங்கள் ஆய்வகத்தில் அறிக்கை எழுத ஒரு முறை உண்டு. என்ன பொருள் என்பது முதல் பக்கத்தில் வரும். எங்கிருந்து வந்தது என்பது இரண்டாம் பக்கத்தில் வரும். அதே முறையில் தமிழில் எழுதினேன். முதல் பக்கம்: போர்த் தண்ணீரில் இருப்பது கனிம எண்ணெய், இயந்திரங்களுக்கு ஊற்றும் வகை, தரையிலிருந்து உள்ளே போனது, குடிக்கக் கூடாது. இரண்டாம் பக்கம்: அது பட்டறைக் குழியின் எண்ணெய் அல்ல, ரிக்கின் ஹேமர் ஆயில். இரண்டையும் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். இரண்டுக்கும் நீல நிறத்தில் குறி விழுந்தது, பார்த்துவிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்துப் போன் வந்தது.

"பேப்பரு வந்துச்சு சாமி. ஒரு பக்கந்தான் வந்துச்சு."

நான் போனைக் காதிலிருந்து எடுத்து அந்த நீலக் குறிகளைப் பார்த்தேன்.

"அது போதும். ரெண்டாவது பக்கம் வல்லீன்னா பரவால்ல. நீ ஒண்ணும் மெனக்கெட வேண்டாம்." அப்புறம் குரல் இளகியது. "மேல ஊட்ல உன்ற ரூம்புக்கு ஏசி போட்டாச்சு கண்ணு. அடுத்த தடவ வாரப்ப பாப்பாளுக்கு வேர்க்காது."

மறுபடியும் அனுப்ப ஒரு நொடி ஆகும். நான் அனுப்பவில்லை. அந்த வாரம் குடியுரிமை நேர்காணல் இருந்தது, ஆய்வகக் கருவியைத் தொட்டது வெளியே தெரிந்தால் வேலை போகும் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாம் உண்மைதான். ஆனால் காரணம் அதுவல்ல. பிறந்த வீட்டில் எனக்கென்று ஓர் அறை இருக்கிறது, அதன் சாவி அண்ணனிடம் இருக்கிறது. வருஷத்தில் பத்து நாள் நான் போய்ப் படுக்கும் அந்த அறைக்காக ஒருவனின் பட்டறையைக் கொடுத்தேன். நாமாக இருந்தால் அனுப்பியிருப்போம் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

6

ஊர்க் கூட்டம் கோயில் முன்னால் நடந்ததாம். அண்ணிதான் போனில் சொன்னாள், அவளுக்கு வாய் நிறையச் சிரிப்பு. "உங்க பேப்பரைப் படிச்சதும் ஒரு சத்தமில்லீங்க. அர்த்தனாரி துண்டை இடுப்புல கட்டிட்டு நின்னான். ஏதாச்சும் சண்டைக்கு வருவான்னு பாத்தா, சரிங்க காலி பண்ணிக்கறேனுங்கன்னு சொல்லிப்போட்டான்."

குழியை மண் போட்டு மூடினார்கள். கொட்டகையைப் பிரித்தார்கள். தண்ணீர் கெட்டதற்கு ஈடு என்று எழுதி வாங்கிய அந்த இடத்தில் இப்போது அண்ணனின் ரிக் நிற்கிறது. ஓட்டு வீடும் கிணறும் மட்டும் அர்த்தனாரிக்கு மிச்சம். சங்ககிரியில் இன்னொருவர் பட்டறையில் கூலிக்குப் போகிறாராம்.

என் மகள் மகிழுக்குப் பதினான்கு வயது. வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் நார்வே மொழியில் பதில் சொல்வாள். ஒரு நாள் சாப்பிடும்போது இதை அவளிடம் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கணவர் மாதத்தில் பாதி நாள் கடலுக்குள் எண்ணெய் மேடையில் இருப்பார், வேறு யாரிடம் சொல்வது.

"அர்த்தனாரிக்கு அனுப்பிவிடு. நம்பர் இல்லையா?" என்றாள்.

ஐம்பது வயது மனிதரை இப்படி மொட்டையாகப் பெயர் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. மாமா என்று சொல் என்று வாய் வரை வந்தது. இங்கே பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியரையே பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அவளுக்கு வேறு வழி தெரியாது. எங்கள் வீட்டில் அண்ணனின் ஐந்து வயது மகளும் அவரை அர்த்தனாரி என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கு வேறு வழி தெரியும், சொல்லிக் கொடுத்தே வளர்த்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணை நான் ஒருநாளும் திருத்தியதில்லை. என் மகளை மட்டும் திருத்த எனக்கு என்ன யோக்கியதை என்று பேசாமல் இருந்துவிட்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். ஊருக்கு வருகிறாயா என்று கேட்டபோதெல்லாம் அதன்பிறகு அவளுக்குப் பரீட்சை இருந்தது.

7

இந்த வருஷம் ஆனியில் அண்ணன் மகளுக்குக் காது குத்து. நான் மட்டும் போனேன். ஏசி நன்றாகத்தான் இருந்தது. சமையலறை மூலையில் இரண்டு வெள்ளைக் கேன் இருந்தன. போர்த் தண்ணீரில் இன்னும் படலம் மிதக்கிறது, மாட்டுக்கொட்டகை கழுவத்தான் ஆகும். குடிக்க, சமைக்க எல்லாம் கேன் தண்ணீர். நல்ல ருசி. மூன்று நாள் அதைக் குடித்தேன். கேன் போடுகிறவர் யாராவது வருவார் என்று நினைத்துக்கொண்டேன். எண்ணெய்க்குப் பூர்வீகம் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள், குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை.

விசேஷத்தன்று காலையில் பின்வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. அர்த்தனாரி இரண்டு கேனை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எப்ப வந்தீங்க அம்மிணி? பாப்பா சௌக்கியமுங்களா?"

"நல்லா இருக்காங்கண்ணா. இந்தத் தண்ணி...?"

"எங்க கெணத்துத் தண்ணிங்க. தெனமும் ரெண்டு கேனு கொண்டாந்து வெச்சுட்டுத்தான் வேலைக்குப் போவனுங்க."

"நீங்க எதுக்குங்க?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "வேற யாரு சொல்லியிருந்தாலும் அன்னிக்கு ஒத்துக்கிட்டிருக்க மாட்டனுங்க. கைகலப்பே ஆயிருக்கும். அம்மிணி எழுதுனதுன்னு படிச்சாங்க. நீங்க படிச்சவங்க, அத்தன தூரத்துல இருந்து எம்மேல பொய் எழுதி உங்களுக்கு என்னங்க ஆவப்போவுது? எங்க எண்ணெயிதான் உங்க தண்ணியக் கெடுத்துப்போடுச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. பட்டறையக் காலி பண்ணியும் மனசு ஆறலீங்க. அந்தக் காலத்துல உங்கப்பா குடுத்த எடமுங்க. அவரு ஊட்டுத் தண்ணியவே கெடுத்துட்டமேன்னு இருக்குதுங்க."

"உங்க கெணத்துக்கு ஒண்ணும் ஆவலீங்களா?"

"ஒண்ணும் ஆவலீங்க. சாமி புண்ணியம்."

அந்தக் கிணறு எண்ணெய்க் குழியிலிருந்து இருபது தப்படி. எங்கள் போர் இருநூறு தப்படி. குழி கசிந்திருந்தால் முதலில் நாறியிருக்க வேண்டியது அவருடைய கிணறுதான். லாரி என்ஜினைப் பிரித்து மாட்டும் ஆள், இதைப் பார்க்கத் தெரியாதவர் இல்லை. என் பேர் போட்ட காகிதம் வந்த பிறகு அவர் தன் கண்ணை நம்பவில்லை. என் கையில் போன் இருந்தது. அதில் இரண்டாம் பக்கம் இருந்தது.

அண்ணி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "அர்த்தனாரி, கேனைப் படியிலயே வெச்சுட்டுப் போ. உள்ள வராத, கோலம் போட்டிருக்குது."

"சரிங்க," என்று அவர் படியில் வைத்தார். கேனின் வாயைத் துண்டால் துடைத்தார். "தண்ணி நல்லா இருக்குதுங்களா அம்மிணி?"

"நல்லா இருக்குதுங்கண்ணா."

"விசேஷத்துக்கு ஆளு நெறைய வருவாங்க. மத்தியானம் இன்னொரு நாலு கேனு கொண்டாரனுங்க."

"சரிங்க," என்றேன்.

மத்தியானம் நான்கு கேனும் வந்தன. பந்தியில் நான்தான் தண்ணீர் ஊற்றினேன். நாமக்கல்லிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் ஒரு டம்ளரைக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். இந்த வெயில் காட்டில் இப்படித் தித்திப்பாகத் தண்ணீரா, இது எந்த இடத்துத் தண்ணீர் என்றார். எதிரே நின்றிருந்த அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை.

"நம்ம தோட்டத்துத் தண்ணிதானுங்க," என்று சொல்லி அடுத்த இலைக்குப் போனேன்.